நல்ல நேரத்தில் தலையில் கை

அன்னைக்கு எனக்கு இருந்தது ரெண்டே வேலை. காலையில கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல பூவும் லட்டும் வாங்கிட்டுப் போய் கிள்ளான்ல எங்க வீட்டுல கொடுக்கணும். மத்தியானம் கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து உலகத்தை ஜெயிக்கணும்.

ரெண்டாவதுதான் கஷ்டமான வேலைன்னு நெனச்சிருந்தேன்.

உலகம்னு சும்மா சொல்லலை. தொண்ணூறுகள்ல நான் யுனிவர்சிட்டியில படிச்சிட்டிருந்த காலம். பல நாட்டு மாணவர்கள் ஒண்ணு கூடி இங்கிலீஷ்ல வாதாடற போட்டி ஒண்ணு வருஷா வருஷம் ஒவ்வொரு நாட்டுல நடக்கும். அந்த வருஷம் கோலாலம்பூர்ல. ஒரு அணிக்கு ரெண்டு பேர். எங்க யுனிவர்சிட்டி அணியில நானும் என் கூட்டாளி லிம்மும்.

முதல் சுத்துலயே நாங்க மூட்டை கட்டிருவோம்னு எங்களுக்குக் கோச்சா இருந்த லெக்சரருக்கு அவ்வளவு நம்பிக்கை. போட்டி பாதியில இருக்கறப்பவே பினாங்குக்குக் குடும்பத்தோட டூர் போட்டு வச்சிருந்தாரு. ஆனா எப்படியோ நாங்க செமி பைனல் வரைக்கும் வந்துட்டோம். எப்படின்னு எங்களுக்கே தெரியலை.

லிம் அவனோட மலேசிய இங்கிலீஷ்ல, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போட்டு, ஒரு காரணம் சொன்னான். "நாம நல்லாப் பேசலை லா. மத்தவங்களுக்கு நம்ம ஊரு சம்பல் காரம் ஒத்துக்கலை."

இந்தப் போட்டியில ஒரு பழக்கம் உண்டு. அதை இப்பவே சொல்லிடறேன், இல்லாட்டி நான் செஞ்ச காரியம் உங்களுக்குப் புரியாது. ஒருத்தர் பேசிட்டிருக்கறப்ப எதிரணிக்காரங்க 'பாயின்ட் ஆப் இன்பர்மேஷன்'னு சொல்லிக் குறுக்கே ஒரு கேள்வி போடலாம். ஆனா சும்மா கத்தக்கூடாது. எந்திரிச்சு நிக்கணும். ஒரு கையைத் தலை மேல வைக்கணும், இன்னொரு கையை முன்னால நீட்டணும். பேசறவரு இஷ்டப்பட்டா 'கேளு'ம்பாரு, இல்லாட்டி 'உட்காரு'ம்பாரு. அதுவும் பேச்சு தொடங்கி முதல் நிமிஷம் தொல்லை பண்ணக்கூடாது. அது முடிஞ்சதும் ஒரு மணி அடிப்பாங்க. டிங்! அதுக்கப்புறம் எந்திரிக்கலாம்.

இதையே மாசக்கணக்கா பழகினோம். டிங்! எந்திரி. டிங்! எந்திரி. கடைசியில ஹாஸ்டல் வாசல்ல ஐஸ்கிரீம்காரர் மணி அடிச்சாக்கூட நானும் லிம்மும் நாற்காலியை விட்டு எந்திரிச்சோம். ஐஸ்கிரீம்காரர் பாவம், எங்களுக்கு வணக்கம் வச்சாரு.

லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். அம்மா பார்த்துட்டாங்க.

"என்னடா இது கருமம்? நடு வீட்டுல நின்னுக்கிட்டு தலையில கை வைக்கிற!"

"அம்மா, இது டிபேட்ல அப்பிடித்தாம்மா."

"அது எந்தக் கண்றாவியோ, வெளிய வச்சுக்க. கையை எடு முதல்ல!"

நம்ம ஆளுங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்லை. தலையில கை வச்சா குடி முழுகிப் போச்சுன்னு அர்த்தம். கன்னத்துல கை வச்சா கப்பல் கவுந்து போச்சுன்னு அர்த்தம். எங்கப்பா கிள்ளான் துறைமுகத்துல கிராணி, வர்ற போற கப்பலுக்குக் கணக்கெழுதற வேலை. மத்த வீட்டுல 'என்ன, கப்பலா கவுந்துருச்சு?'ன்னு சும்மா கேப்பாங்க. எங்கப்பா கேக்கறப்ப அவரு மொகத்துல நெசமாவே கொஞ்சம் பயம் இருக்கும்.

சரி, கதைக்கு வரேன். செமி பைனலுக்கு முந்தின சாயந்திரம் அம்மா ஹாஸ்டலுக்குப் போன் பண்ணாங்க.

"நாளைக்கு அக்காவைப் பொண்ணு பார்க்க வராங்க. நீ வரணும்."

"நாளைக்கா? அம்மா, நாளைக்கு எனக்கு செமி பைனல்மா!"

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

"அவங்க பத்து மணிக்கே வந்துருவாங்க. பிரிக்பீல்ட்ஸ்ல பூவும் லட்டும் வாங்கிட்டு வந்து கொடுத்துட்டு, நீ பாட்டுக்கு ஓடிப் போய்க் கத்திக்க."

கிள்ளான்ல பூ கெடைக்காதா? கெடைக்கும். எங்க வீட்டுல இருந்து கொஞ்சம் நடந்தா தெரு பூரா பூக்கடைதான். ஆனா தரகு பாக்கியம் ஆன்டி ஒரு தகவல் சொல்லியிருந்தாங்க. மாப்பிள்ளையோட தாய்மாமாவுக்கு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு குறிப்பிட்ட கடை லட்டுன்னா உசுராம். அந்த மாமா தலையாட்டினாத்தான் அந்தக் குடும்பத்துல எதுவும் நடக்குமாம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, மாமாதான் வளர்த்தாராம்.

அம்மா கொரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "டேய், இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரையும் உங்கக்கா வேணாம்னுட்டா. இந்தப் பையன் போட்டோவை மட்டும் அவளே எடுத்துட்டுப் போய் பீரோவுல வச்சிருக்கா. நாளைக்குக் கட்டற பொடவையை இப்ப மூணாவது தடவையா அயன் பண்ணிட்டிருக்கா. புரியுதா உனக்கு?"

புரிஞ்சுது. எங்க சுமதி அக்கா லேசுல எதுக்கும் ஆசைப்படற ஆளு இல்லை. ஆசைப்பட்டா வெளிய சொல்ற ஆளும் இல்லை. ஒரு பொடவையை மூணு தடவை அயன் பண்றான்னா விஷயம் பெரிசு.

"இது மட்டும் தட்டிப் போச்சுன்னா அவ மனசு ஒடைஞ்சிரும்டா."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? லட்டு கொடுத்துட்டு வந்துருவேன்."

அப்படித்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு.

மறுநாள் சனிக்கிழமை. லிம் அவங்க அப்பாவோட பழைய காரை எடுத்துட்டு வந்தான். திரும்பி வந்து உடுப்பு மாத்த நேரம் இருக்காதுன்னு ரெண்டு பேரும் கோட்டு, டையோடவே கெளம்பினோம். காருக்குள்ள ஏர்கான் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வர்றதுக்குள்ளயே எனக்குச் சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

பூக்கடை அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"என்ன தம்பி, மாப்பிள்ளையே பூ வாங்க வந்துட்டீங்க?"

"நான் மாப்பிள்ளை இல்லக்கா. பொண்ணோட தம்பி."

"அப்ப இவரு மாப்பிள்ளையா?" லிம்மைக் காட்டினாங்க.

"ஐயோ, அவன் காரோட்டிட்டு வந்தவன்கா."

"டிரைவருக்கே கோட்டு! பெரிய எடம் போலிருக்கு." அதுக்கப்புறம் அவங்க சொன்ன விலையும் பெரிய எடத்து விலைதான்.

லட்டு வாங்கிட்டு ஹைவேயில ஏறினோம். பாதி வழியில ஒரு லோரி குறுக்க படுத்துக்கிச்சு. கார் எல்லாம் வரிசையா நிக்குது. வெயில் மண்டையைப் பொளக்குது. லிம் ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால லட்டு டப்பாவைத் திறந்தான்.

"டேய், அது மாமாவுக்கு!"

"ஒண்ணு லா. மாமா எண்ணிப் பார்ப்பாரா?"

கிள்ளான் வந்து சேர்றப்ப டப்பாவுல ஒரு மூலை காலி. நானும் ஒண்ணு சாப்பிட்டேன், இல்லைன்னு சொல்லலை. அந்த மாமாவுக்கு நல்ல ருசி.

வீட்டு வாசல்ல வேற கார் நின்னுக்கிட்டிருந்துச்சு. வந்துட்டாங்க! பின்பக்கமா ஓடிப் போய் அம்மா கையில பூவையும் டப்பாவையும் கொடுத்தேன். திரும்பி ஓடப் பார்த்தேன். அம்மா கோட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எங்க ஓடற? உள்ள போய் உட்காரு."

"கொடுத்துட்டு ஓடிருன்னு நீங்கதானேமா சொன்னீங்க?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடி வந்திருந்தா ஓடியிருக்கலாம். இப்ப கூடப் பொறந்தவன் மொகத்தைக் காட்டாம ஓடினா என்ன நெனப்பாங்க? ராகு காலம் பத்தரைக்குத்தான் முடியுது. அது முடிஞ்சதும் வெளக்கேத்தி அக்காவைக் கூட்டிட்டு வந்துருவேன். ஒரு தடவை வணக்கம் சொல்லிட்டு நீ போய்க்க. அது வரைக்கும் வாயைத் தெறக்காம உட்காரு!"

வாயைத் தெறக்காதேன்னுதான் சொன்னாங்க. கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

வெயில்ல கார்ல உட்கார்ந்திருந்த லிம்மையும் கூப்பிட்டு உட்கார வச்சாங்க. ஒரு நாற்காலியில நான், பக்கத்துல லிம். கோட்டும் டையுமா ரெண்டு பேரு. மாப்பிள்ளை சாதாரண முழுக்கைச் சட்டையில வந்திருந்தாரு. பேரு மோகன், இன்ஜினியர். எங்களைப் பார்த்துட்டு மெதுவா சட்டைக் கையை எறக்கி பட்டன் போட்டுக்கிட்டாரு. பக்கத்துல அவங்க அம்மா. நடு சோபாவுல மாமா.

ஜெஞ்சாரோம் கிராமத்து மாமா! எண்ணெய் எடுக்கற செம்பனைக் குலை ஏத்தற லோரி சொந்தமா வச்சிருக்கறவரு. நல்ல ஒடம்பு, நல்ல கொரல். வயசு அறுபதுக்குப் பக்கம். ஆனா முடியைப் பார்த்தா இருபத்தஞ்சு. கன்னங்கரேல்னு, ஒரு இழை நரை கெடையாது, ஒரு இழை அசையலை. என்ன எண்ணெய் போடறாரோ, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன். நான் அவ்வளவு புத்திசாலி.

வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்கலை. மேல பேன் சும்மா பேருக்குச் சுத்திட்டிருந்துச்சு. எந்திரிச்சு வேகத்தைக் கூட்டப் போனேன். பாக்கியம் ஆன்டி கண்ணாலயே என்னை உட்கார வச்சாங்க.

"மாமாவுக்குப் பேன் காத்து ஆகாது தம்பி," காதுல சொன்னாங்க. "ஒண்ணுலயே இருக்கட்டும்."

சைனஸ் போலிருக்கு, பாவம்னு விட்டுட்டேன். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது. எங்கப்பா பேன் சுவிட்சுக்குப் பக்கத்துலயே கைக்குட்டையை வச்சுக்கிட்டுச் சிரிச்ச மொகமா உட்கார்ந்திருக்காரு. எங்கப்பாவுக்குப் பதட்டம் வந்தா கை சும்மா இருக்காது, எதையாவது திருகுவாரு. ரேடியோ, கடிகாரம், சட்டைப் பட்டன், எது கெடைச்சாலும்.

ராகு காலம் முடியணுமே, அது வரைக்கும் மாமா பேசினாரு.

"எங்க ஜெஞ்சாரோம் மாதிரி வராதுங்க. காத்து அப்பிடி! தண்ணி அப்பிடி! கிள்ளான்ல என்ன இருக்கு? பொகைதான் இருக்கு."

"ஆமா ஆமா," அப்பா.

"கோழி எடுத்துக்குங்க. எங்க பக்கத்துக் கோழி நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். டவுன் கோழி அப்பிடியா?"

"இல்லை இல்லை," அப்பா.

எனக்கு வாய் துறுதுறுங்குது. டவுன் கோழி எப்படி நடக்கும்னு இவரு எங்க பார்த்தாரு? ஆதாரம் எங்க? மாசக்கணக்கா அடுத்தவன் பேச்சுல ஓட்டை தேடியே பழகிப் போன மண்டை. லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவனும் முன்னால சாஞ்சு, கண்ணைச் சுருக்கி, மாமாவையே கவனிச்சிட்டிருக்கான்.

மெதுவா கேட்டான், "ஆர்கியுமென்ட் வீக்கா?"

"ரொம்ப வீக்."

அப்புறம் மாமா விஷயத்துக்கு வந்தாரு. "நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசறவன் இல்லைங்க. பட்டுனு சொல்லிருவேன். டவுன் பொண்ணுங்களுக்கு எங்க பக்கம் சரிப்பட்டு வராது. கால்ல சேறு படாம வளர்ந்திருப்பாங்க. ரெண்டு நாள் இருக்கும், மூணாம் நாள் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்து நிக்கும். அதுதான் எனக்கு யோசனை."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தாரு. அப்பா சிரிச்சுக்கிட்டே வேர்வையைத் தொடைச்சாரு.

எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு! எங்கக்காவுக்கா கால்ல சேறு படலை? ஜெஞ்சாரோமுக்கும் அப்பால, பந்திங் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அவ டீச்சர். ரெண்டு பஸ் மாறி, எறங்கி, செம்மண் ரோட்டுல நடக்கணும். மழை பெஞ்சா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடப்பா. அந்தச் செருப்பைக் கழுவறதே எங்க வீட்டுல ஒரு தனி வேலை. இது தெரியாம இந்த மனுஷன் பேசறாரே! யாராவது இதைச் சொல்லணுமே!

சரியா அந்த நேரத்துல ராகு காலம் முடிஞ்சுது. சாமி ரூம்ல அம்மா வெளக்கேத்தி மணி அடிச்சாங்க.

டிங்!

அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பு இல்லை. என் காலுதான் பொறுப்பு. எந்திரிச்சுட்டேன். ஒரு கை தலை மேல. ஒரு கை மாமாவைப் பார்த்து நீட்டியாச்சு.

"பாயின்ட் ஆப் இன்பர்மேஷன், சார்!"

இதுல இன்னொரு கொடுமை. பக்கத்துல லிம்மும் எந்திரிச்சு நிக்கறான். அவனும் தலையில கை. எங்க அணி ஒத்துமை அப்பிடி.

பொண்ணு பார்க்க வந்த எடம். ராகு காலம் முடிஞ்சு நல்ல நேரம் பொறந்த முதல் நொடி. பொண்ணோட தம்பி தலையில கை வச்சுக்கிட்டு நிக்கறான். கூட ஒரு சீனப் பையனும் நிக்கறான், எங்க வீட்டுல நடந்த எழவுக்கு வந்தவன் மாதிரி!

"ஐயய்யோ! ஐயய்யோ!" மாப்பிள்ளையோட அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நல்ல நேரத்துல தலையில கை வைக்கிறானே!"

பாக்கியம் ஆன்டி கண்ணை மூடிக்கிட்டாங்க. தரகுத் தொழில்ல அவங்க எதையெதையோ பார்த்தவங்க, ஆனா இதைப் பார்த்ததில்லை போல.

நான் கையை எறக்கினேன். எறக்கி என்ன பண்ண? எல்லாரும் பார்த்தாச்சு.

மாமா எந்திரிச்சாரு. "சகுனம் சரியில்லைங்க. நான் அப்பவே நெனச்சேன். வாம்மா, மோகன், கெளம்பு. காபி எல்லாம் வேணாம்."

அப்பதான் திரைச்சீலைக்குப் பக்கத்துல பார்த்தேன். அக்கா நிக்கறா. அந்தப் பொடவை. தலையில நான் வாங்கிட்டு வந்த பூ. கையில காபித் தட்டு. அவ என்னைத் திட்டலை, மொறைக்கக்கூட இல்லை. சும்மா தட்டைப் பார்த்துக்கிட்டு நின்னா. நாலு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

"மாமா, அது வந்து..." நான் தெணறினேன். உலகப் போட்டியில செமி பைனல் வரைக்கும் பேசினவனுக்கு அந்த நேரத்துல ரெண்டு வார்த்தை சேர்ந்து வரலை.

லிம்முக்கு மட்டும் ஏதோ தப்பா நடந்து போச்சுன்னு புரிஞ்சுது. என்னன்னு தெரியலை. "என்ன லா? ஏன் எல்லாரும் கோவமா இருக்காங்க?"

"தலையில கை வச்சுட்டோம். எங்க வழக்கத்துல அது கெட்ட சகுனம்."

"அவ்வளவுதானா? நான் சொல்றேன்." லிம் மாமாவுக்கு முன்னாடி போய் நின்னு, மலாய்ல, மரியாதையா ஆரம்பிச்சான். "அங்கிள், மன்னிச்சிருங்க. இது கெட்ட விஷயம் இல்லை. டிபேட்ல இது வழக்கம். எங்க கோச் இதுக்குக் கதை சொல்லியிருக்காரு. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரப் பெரிய மனுஷங்க எல்லாம் பொய் முடி வச்சிருப்பாங்களாம்."

பாக்கியம் ஆன்டி கண்ணைத் தெறந்தாங்க.

"எந்திரிச்சுப் பேசறப்ப பொய் முடி விழுந்துருமாம். அதான் ஒரு கையால இப்பிடிப் பிடிச்சுக்குவாங்களாம்." செஞ்சு காட்டினான். "பாருங்க, இப்பிடி. விழுந்துட்டா வெக்கம் இல்லையா அங்கிள்?"

பாக்கியம் ஆன்டி திரும்பக் கண்ணை மூடிக்கிட்டாங்க.

அப்ப கூட எனக்குப் புரியலை. சத்தியமா புரியலை.

இத்தனையும் நடந்துட்டு இருக்கறப்ப எங்கப்பாவுக்குப் பதட்டம் தலைக்கேறிருச்சு. கை எதையாவது திருகத் தேடுச்சு. கைக்கு எட்டினது பேன் சுவிட்சு. ஒண்ணுல இருந்து நேரா அஞ்சு!

எங்க வீட்டுப் பேன் பழசுதான். ஆனா அஞ்சுல வச்சா காலண்டர் எல்லாம் சுவத்துல அடிச்சுக்கும். அந்தப் பேனுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டிருந்தவரு ஜெஞ்சாரோம் மாமா.

இருபத்தஞ்சு வயசு முடி, முன்பக்கம், கதவு மாதிரித் தெறந்துச்சு.

டப்புனு மாமா ஒரு கையைத் தலை மேல வச்சு அமுக்கினாரு. இன்னொரு கையை அப்பாவைப் பார்த்து நீட்டினாரு. "நிறுத்துங்க! நிறுத்துங்க!"

ஒரு கை தலையில. ஒரு கை முன்னால. அச்சு அசல்! எங்க கோச் பார்த்திருந்தா எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு மாமாவை அணியில சேர்த்திருப்பாரு.

லிம்முக்கு ஒரே சந்தோஷம். "அதே! அதேதான் அங்கிள்! நீங்களும் டிபேட் பண்ணுவீங்களா?"

அப்பா பேனை நிறுத்தினாரு. காலண்டர் அடங்குச்சு. மாமா கை மட்டும் எறங்கலை.

அப்ப திரைச்சீலை பக்கத்துல இருந்து ஒரு சத்தம். காபித் தட்டுல கப்பெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. அக்கா ஒதட்டைக் கடிச்சுப் பார்த்தா. கீழ குனிஞ்சு பார்த்தா. முடியலை. சிரிச்சுட்டா. பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா!

செத்தோம்னு நெனச்சேன்.

அக்கா சிரிக்கறதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிச்சாரு. பாவம், எத்தனை வருஷமா அடக்கி வச்சிருந்தாரோ! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரா பார்த்துக்கிட்டது அப்பதான். பார்த்துட்டு இன்னும் சிரிச்சாங்க.

மாப்பிள்ளையோட அம்மாவுக்கும் சிரிப்பை அடக்கி வாய் கோணிருச்சு. "அண்ணே," மெதுவா சொன்னாங்க. "அந்தப் பையனும் கை வச்சான். இப்ப நீயும் வச்சுட்ட. ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு. உட்காரு."

மாமா கண்ணாடிப் பக்கம் திரும்பி, அப்பிடி இப்பிடித் தடவிச் சரி பண்ணிக்கிட்டு, சோபாவுல உட்கார்ந்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு.

"சரி. என்னமோ சொல்ல வந்தியே. என்ன அது?"

திரும்ப எந்திரிச்சேன். இந்தத் தடவை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன்.

"ஒண்ணுமில்லை மாமா. டவுன் பொண்ணு கால்ல சேறு படாதுன்னீங்க. எங்கக்கா பந்திங் தாண்டித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். தெனம் செம்மண் ரோட்டுல நடந்துதான் போறா. அவ்வளவுதான் மாமா."

மாமா அக்காவைப் பார்த்தாரு. "எந்த ரோடு? ஆத்துப் பாலம் தாண்டி எடது பக்கம் போற ரோடா?"

"ஆமாங்க மாமா."

"அந்த ரோட்டுல மழைக்கு என் லோரியே மாட்டிக்குமே! நீ எப்படிம்மா போவே?"

"லோரிக்குத்தான் மாமா கஷ்டம்," அக்கா சொன்னா. "நான் செருப்பைக் கழட்டிருவேன்."

மாமா நல்லாச் சாஞ்சு உட்கார்ந்தாரு. அப்புறம் கையை நீட்டினாரு. தலையில கை வச்சுக்கிட்டு நீட்டற நீட்டல் இல்லை. காபிக்கு நீட்டின கை. அதோட லட்டு டப்பாவையும் பார்த்தாரு.

"லட்டு கொறையுதே?"

லிம் சுவத்தைப் பார்த்தான். நானும் அதே சுவத்தைப் பார்த்தேன்.

அவங்க சம்மதம் சொல்லி முடிக்கறப்ப மணி பன்னெண்டு தாண்டிருச்சு. அதுக்குள்ள ஓட முடியுமா? மாமாவே, "சாப்பிடாம போனா நல்லா இருக்காது"ன்னுட்டாரு. பாயாசத்தை முழுங்கிட்டு ஓடினோம். லிம் கார் ஓட்டின வேகத்துக்கு அவங்க அப்பா பார்த்திருந்தா காரை வித்திருப்பாரு. ஹால் கதவைச் சாத்தப் போற நேரத்துல உள்ள நொழைஞ்சோம்.

செமி பைனல். மேடை. எதிரே வெளிநாட்டு அணி, ரெண்டு பேரும் நல்ல உயரம், பேச்சுல புலிங்க. நான் பேச எந்திரிச்சேன். முதல் நிமிஷம் பிரமாதம். எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு.

டிங்!

எதிரணிக்காரன் எந்திரிச்சான். ஒரு கை தலையில. ஒரு கை முன்னால.

எனக்கு அவன் தெரியலை. ஜெஞ்சாரோம் மாமா தெரிஞ்சாரு. கதவு மாதிரித் தெறந்த முடி தெரிஞ்சுது. ஆடின காபிக் கப்பு தெரிஞ்சுது. சிரிச்சுட்டேன். அடக்கினேன். அவன் பக்கத்துல இன்னொருத்தன் எந்திரிச்சான், அவனும் தலையில கை. விழுந்து விழுந்து சிரிச்சேன்! திரும்பி லிம்மைப் பார்த்தேன். அவன் மேசைக்குக் கீழ குனிஞ்சு தோள் குலுங்கிட்டு இருக்கான். மூணு பெரிய நடுவருங்க, ஏதோ எழுதறாங்க.

எழுதினது என்னன்னு அப்புறம் வாசிச்சாங்க. எனக்குத் தன்னம்பிக்கை இருக்காம். ஆனா எதிராளி கேக்கற நியாயமான கேள்விக்கெல்லாம் விடை சொல்லாம சிரிக்கறது நல்ல பழக்கம் இல்லையாம்.

தோத்துட்டோம். எங்க லெக்சரர் பினாங்குல நிம்மதியா இருந்திருப்பாரு.

வருத்தம் இல்லையான்னு கேட்டா, கொஞ்சம் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி, "தோத்துட்டேன்கா"ன்னு சொன்னப்ப, அக்கா, "ஐயோ பாவம்"னு சொல்ல வாயெடுத்து, பாதியில திரும்பச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா. ஒரே நாள்ல ரெண்டு தடவை அவ அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. எனக்கு அது போதும்னு தோணுச்சு.

தை மாசம் கிள்ளான்ல கல்யாணம். மண்டபம் நெறைய ஜனம். மாமாதான் முன்ன நின்னு எல்லாத்தையும் நடத்தினாரு. மண்டபத்துல பேன் எல்லாம் ஒண்ணுல சுத்துச்சு. எங்கப்பாவை எந்தச் சுவிட்சுக்குப் பக்கத்துலயும் உட்கார விடலை. லிம் ஜிப்பா போட்டுக்கிட்டு வந்து ரெண்டு பந்தியில சாப்பிட்டான்.

முகூர்த்த நேரத்துல மாமா என் பக்கத்துல வந்து நின்னாரு. "என்ன தம்பி, இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியது இல்லையா?"

இல்லைன்னு தலையை மட்டும்தான் ஆட்ட முடிஞ்சுது. ஐயர் மணியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே அம்மா என் ரெண்டு கையிலயும் கைக்கொரு தேங்காய்த் தாம்பாளத்தைக் கொடுத்து, தாலி கட்டி முடியற வரைக்கும் கீழ வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.